பாவலர் குழுவும் இசைத்தட்டும்

பாட்டுக் கட்டுதல் ஒரு தொழில். கட்டிய பாட்டைத் தட்டில் ஏற்றுதல் வேறொரு தொழில். இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் வழி எத்துணை நெடியதென்பதைச் சிற்றூரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குழுவும் நடந்தே அறிகின்றது. நம் மாணவருள்ளும் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தோழர் நால்வரோடு கூடிப் பாடுவோர் உளர். தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிடவேண்டுமென்னும் அவா அன்னோர்க்கு இயல்பே. அவர்களுக்குப் பயன்படுமென்று கருதி, நமக்கு அண்மையிலேயே தோன்றிய ஒரு குழுவின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே செல்லும் சாலை வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி ஆகிய ஊர்களைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கினுட் புகுகின்றது. அப்பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் உள்ளது பண்ணைப்புரம். இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரும், நம் ஊரும் முன்னாளில் மதுரை ஜில்லா என்னும் ஒரே குடையின்கீழ் இருந்தவை. 1985இல் திண்டுக்கல்லும் 1996இல் தேனியும் தனித்தனியே பிரிந்தன. ஆகவே பண்ணைப்புரத்துக் குழுவை நம்மவர் என்று கூறுவதில் தவறொன்றுமில்லை.

அக்குழுவின் தலைவர் பாவலர் வரதராசனார். அவர் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். பாட்டை எழுதுபவரும் அவரே, ஆர்மோனியத்தை முன்வைத்துப் பாடுபவரும் அவரே. 1957இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு அவர்கள் தலைமையில் பொதுவுடைமை மந்திரிசபை அமைந்தது. சட்டசபையில் அதற்கிருந்த பெரும்பான்மை மிகச் சிறிது. தேவிகுளம் தொகுதியில் ரோஸம்மா புன்னூஸ் அம்மையார் பெற்ற வெற்றி செல்லாதென்று தீர்ப்பாகவே, 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளத்து மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் மிகுதி. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் செவிக்கு மலையாளச் சொற்பொழிவினும் தமிழ்ப் பாட்டே விரைந்து எட்டுமன்றோ? வரதராசனார் அங்கே சென்று பாடினார். கட்சி வென்றது. அவ்வெற்றி பாவலரையே சாருமென்று நம்பூதிரிபாடு அவர்கள் பாராட்டியதாக அவர் தம்பியர் கூறுவர்.

பின்னர்த் தம்பியர் ஒருவர்பின் ஒருவராகக் குழுவிற் சேர்ந்தனர். பாஸ்கர், இராசையா, அமர்சிங் என்னும் அம்மூவருள் நடுவர் பின்னாளில் இளையராஜா. இளையவர் கங்கை அமரன். தமையனார் உடல் நலிந்திருந்த காலத்தில், அவருக்குத் துணையாகச் செல்லுமாறு அன்னையார் சின்னத்தாயம்மாள் இராசையாவை அனுப்பினார் என்பது வரலாறு. அப்பொழுது அவர் குரல் உடையாத சிறுவர். எனவே பெண்குரற் பகுதிகளைப் பாடும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. குரல் உடைந்தபின் அப்பொறுப்பு அமரனுக்குப் போயிற்று. தமையனார் தொடக்கூடாதென்று விலக்கியிருந்த ஆர்மோனியத்தை அவர் இல்லாதபொழுது மறைவாகத் தொட்டே இராசையா பழகினாராம். விலக்கப்பட்ட பொருளில் பிள்ளைகட்கு விருப்பம் மிகுதல் எங்கும் உள்ளதே. இக்குழுவிற்குப் ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று பெயர்.

பாவலர் பாட்டுக் கட்டிய முறையை இங்கே நோக்குதல் வேண்டும். மக்கள் வாயில் முன்னரே வழங்கும் சினிமா மெட்டையோ நாட்டுப்புற மெட்டையோ எடுத்து, சொல்லை மட்டும் மாற்றி அமைப்பார். மெட்டு கேட்போர்க்குப் பழகியதாதலின், சொல் தடையின்றி உட்புகும். மாலையில் நடந்த செய்தி இரவிற் பாட்டாகிவிடும். கூட்டம் மகிழ்ந்தால் ஓரடியைப் பத்துமுறை பாடலாம். சலித்தால் அவ்விடத்தே விட்டுவிடலாம். மேடைக்கு இதனினும் சிறந்த முறை உண்டென்று நாம் கருதவில்லை. ஆனால் மேடைக்கு அழகு செய்யும் இதே முறை தட்டிற்குப் பகையாகின்றது.

தட்டின் இயல்பு அத்தகையது. நிமிஷத்திற்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்திற்குச் சற்று மிகும் அளவே கொள்ளும். பல தட்டுகளில் அடங்கும் நெடிய இசையைப் படத்தொகுப்பு நூல்போல் உறைகள் தைத்துக் கட்டி விற்றனர். அதனாலேயே ‘ஆல்பம்’ என்னும் பெயர் இசைக்கு வந்தது. 1948இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு வெளிவந்து, ஒரு பக்கத்திலேயே இருபது நிமிஷத்திற்கு மேல் அடங்கிய பின்னரும் பழைய பெயர் நீங்கவில்லை. பாட்டு மூன்று நான்கு நிமிஷத்தில் முடியவேண்டுமென்னும் வழக்கமும் பெரும்பாலும் நீங்கவில்லை. மேலும், தட்டில் வரும் மெட்டிற்கு உடையவர் ஒருவர் உண்டு. பிறர் மெட்டில் சொல்லை மாற்றிப் பதிந்து விற்கவேண்டுமாயின் அவர் இசைவு வேண்டும். ஆகவே தட்டை நாடும் குழுவிற்குச் சொந்த மெட்டு இன்றியமையாதது.

சொந்த மெட்டு அமைக்கும் ஆற்றல் இராசையாவிடம் வளர்ந்தது. 1964இல் நேரு அவர்கள் மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவிற்கு இசையமைத்ததே அவர்தம் முதல் முயற்சி என்பர். 1960களின் இறுதியில் தம்பியர் சென்னை சேர்ந்தனர். வழிச்செலவிற்காக அன்னையார் வீட்டு வானொலிப் பெட்டியை விற்றுப் பொருள் கொடுத்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியரிடம் மேனாட்டு இசைக்குறிமுறையை இராசையா கற்றார், பின்பு ஜி. கே. வெங்கடேஷ் என்னும் இசையமைப்பாளரிடம் உதவியாளரானார். ஊர்மேடையில் பல்லாண்டு பாடியவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார் என்பதை நம் இளைஞர் கருதிப் பார்ப்பாராக. ஐம்பது வாத்தியக்காரரை ஒருங்கே நடத்த வேண்டுமாயின், நெஞ்சில் உள்ளதைத் தாளில் எழுதிக் கொடுத்தாலன்றி இயலாது.

1976 மே மாதம் வெளிவந்த ‘அன்னக்கிளி’யே அவருக்கு முதற்படம். பஞ்சு அருணாசலம் அவர்கள் வாய்ப்பளித்தார், ஏ. எம். ராஜா என்னும் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் முன்னரே இருந்தமையால் ‘இளைய’ என்னும் அடைமொழியையும் அவரே சேர்த்தார். முதற்பாட்டின் ஒலிப்பதிவு தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றுபோனது பலரும் அறிந்த கதை. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒருசேர இசைக்க, முழுப்பாட்டும் ஒரே ஓட்டத்தில் பதிவாகும். ஒருவர் தவறினும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்றோ ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே, வெவ்வேறு நாளில், வீட்டுக் கணினியிலேயே பதியலாம். செலவு குறைந்தது மெய்; ஒருசேர இசைக்கும் பழக்கமும் உடன் குறைந்தது என்பதே நம் எண்ணம்.

அத்தட்டில் எஸ். ஜானகி அம்மையாரின் குரல் உண்டு. பண்ணைப்புரத்து மண்ணின் மெட்டு உண்டு. பாவலர் எழுதிய சொல் ஒன்றேனும் இல்லை. பாடல்கள் அனைத்தும் பஞ்சு அருணாசலம் அவர்கள் இயற்றியவை. தம்பியின் புகழைக் காணுமுன்னரே பாவலர் மறைந்துவிட்டார். இது யார் செய்த பிழையுமன்று. மேடைப்பாட்டு பாடிய இரவோடு கரையும் தன்மையது.

தட்டில் பாட்டாசிரியன் பெயர் மறைதலும் புதிதன்று. 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான் அம்மையார் ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறுவார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுவோர் எவர் பாட்டென்று அறிதற்பொருட்டு அவ்வாறு செய்தனர். பாடியவர் பெயர் அங்ஙனம் நிலைத்தது. எழுதியவர் பெயரைக் கூறுவார் இலர்.

இன்று சட்டம் ஓரளவு துணை நிற்கின்றது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சொல்லுக்கும் மெட்டிற்கும் ஒலிப்பதிவிற்கும் வெவ்வேறு உரிமைகள் உண்டு. பாட்டெழுதியவர் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். 2012இல் செய்த திருத்தம், பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய பங்குத்தொகையை உரிமை வாங்கியவர்க்கு விட்டுக்கொடுத்துவிட இயலாதவாறு காத்தது. ஆதலின் முதற்றொகுப்பை வெளியிடக் கருதும் குழுவினர், கூடத்தில் நுழையுமுன்பே, எப்பாட்டின் சொல் எவருடையது, மெட்டு எவருடையது, பதிவிற்குப் பொருள் தந்தவர் எவர் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு வைத்தல் நலம். நட்பு இருக்கும்போதே எழுதவேண்டிய தாள் அது.

பாவலரின் பெயரோ, அவர் தம்பியர் தொடங்கிய ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்னும் படநிறுவனத்தின் தலைப்பாய்த் திரையில் வந்தது.