மேடும் தாழியும்

இங்கிலாந்தின் வில்ட்ஷையரில் வெஸ்ட் கென்னெட் என்று ஒரு ஈமமேடு. கிமு 3650 வாக்கில் எழுப்பியது. நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். உள்ளேயுள்ள கல் அறைகளில் குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்தன. தூரத்திலிருந்தே கண்ணில் படும் இத்தகைய மேடுகளை நில உரிமையின் பிரகடனம் என்று வாசிப்பவர்கள் உண்டு. செத்தவர்கள் இருப்பவர்களுக்காகச் சாட்சி நிற்கிறார்கள்.

ஆதிச்சநல்லூர்த் தாழி அப்படிக் காட்டிக்கொள்வதில்லை, மண்ணுக்குள் ஒடுங்கியிருக்கிறது. 1876இல் யாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்குப் போயின. 2004-05 அகழாய்வில் மேலும் 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

எங்கள் நெய்யூர்ப் பக்கம் பாட்டிமார் சொல்லும் கதை வேறு: "அந்தக் காலத்துல கெழடுக சாவாம சுருங்கிச் சுருங்கிப் போகும். மாடக்குழியில வச்சிருப்பாவ. பெறவு தாழியில எறக்கி, சோறும் தண்ணியும் வச்சு மூடிப்போடுவாவ." அகழாய்வு இதை ஏற்காது. முழு உடலை இட்ட தாழிகளோடு, எலும்புகளை மட்டும் பொறுக்கி இட்ட தாழிகளும் உண்டு; பொறுக்கிய எலும்பு உயிரோடு இறக்கியதாக இருக்க முடியாது. 'முதுமக்கள்' என்பதை முன்னோர் என்று கொள்ளாமல் கிழவர்கள் என்று கொண்டதில் கதை பிறந்திருக்கலாம். ஆனால் பொய் என்று தள்ளிவிட்டால் அதிலுள்ள குற்ற உணர்வையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம். முதியோரை என்ன செய்வது என்ற கேள்வி எந்த வீட்டில் இல்லை?

புறநானூறு இந்தக் கதைக்கு நேரெதிர்ப் பிரதி. 228ஆம் பாட்டு, கிள்ளிவளவனை அடக்கும் அளவுக்குத் தாழி வனைய உன்னால் ஆகுமா என்று குயவனைக் கேட்கிறது. 256இல் ஒரு பெண், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். கதையில் தாழி விலக்கும் கலம். பாட்டில் பிரிய மறுக்கும் கலம். இரண்டிலும் மையம் துக்கந்தான். இரண்டு பாட்டும் பேசுவது குயவனோடு என்பதையும் கவனிக்க வேண்டும். நம் வரலாற்றுச் சொல்லாடலில் அவனுக்கு இடமில்லை.

சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லுமியின் காலம் கிமு 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். முக்கியமான ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் நாம் பிடித்துக்கொண்டது எண்ணை மட்டுந்தான். அந்த நெல் யாருக்காகவோ யாரோ வைத்தது. அதைக் கேட்காமல் தொன்மையை மட்டும் உயர்த்திப் பிடித்தால், ஒடுங்கிக் கிடந்த தாழியையும் நாம் உரிமை கோரும் மேடாக்கிவிடுகிறோம்.