பின்வாசலில் இறங்கும் மூட்டைகள்

டீ ஆறுவதற்குள் சுலபமான பாதியை முடித்துவிடலாம், தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, அதாவது லைவ் மைக்ரேஷன், பழைய வித்தை. 2005-லேயே கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் ஸென் ஹைப்பர்வைசரில் ஒரு குவேக் 3 கேம் சர்வரை, ஆட்டம் நடக்கும்போதே மாற்றிக் காட்டினார்கள். சர்வர் நின்றது சுமார் 60 மில்லிசெகண்ட்தான்.

முதலில் மெமரி முழுவதையும் அனுப்புவார்கள். அதற்குள் கெஸ்ட், அதாவது அந்த விர்ச்சுவல் மெஷின், சில பேஜ்களில் புதிதாக எழுதியிருக்கும். அவற்றை மட்டும் மறுபடி அனுப்புவார்கள். மிச்சம் சுருங்கியதும் ஒரு கணம் நிறுத்தி, கடைசிப் பேஜ்களையும் சிபியு நிலையையும் அனுப்பிவிடுவார்கள். எந்த 4 கேபி பேஜில் எழுத்து விழுந்தது என்று எப்படித் தெரியும்? பேஜ் டேபிளில் எழுதத் தடை போட்டிருப்பார்கள். சிபியு எழுதப்போனால் மாட்டிக்கொள்ளும்.

இப்போது பாஸ்த்ரூவுக்கு வா. வேகம் வேண்டும் என்று நிஜ நெட்வொர்க் கார்டையே கெஸ்ட் கையில் கொடுத்துவிடுகிறோம். வந்த பாக்கெட்டை கார்டு டிஎம்ஏ மூலம் நேராக மெமரியில் கொட்டும். அந்த எழுத்து சிபியுவின் பேஜ் டேபிள் வழியாகப் போகாது, தடையில் மாட்டாது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொரு சரக்கையும் நோட்டில் எழுதுகிறார்; லோடுமேன் பின்வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார். நோட்டும் குடோனும் ஒத்துப்போகுமா?

எல்லா பேஜும் மாறிவிட்டதாகவே வைத்துக்கொள்வது சோம்பேறி வழி. தப்பு நேராது. ஆனால் 64 ஜிபி மெமரியை 25 ஜிகாபிட் லைனில் அனுப்பி முடிக்கும்வரை கெஸ்ட்டை நிறுத்தினால் இருபது விநாடிக்கு மேல் ஆகும். அதை லைவ் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உருப்படியான வழி இரண்டு. எழுதிய இடங்களை கார்டே குறித்துக் கொடுக்கலாம்; மெல்லனாக்ஸ் கார்டுகளில் சில அப்படிச் செய்கின்றன. இல்லையென்றால், கார்டின் முகவரிகளை மாற்றித்தரும் ஐஓஎம்எம்யூவே தன் டேபிளில், எழுதப்பட்டது என்று காட்டும் டர்ட்டி பிட் போடலாம்; லினக்ஸ் 6.7-ல் அதற்கு வழி வந்தது. கார்டின் உள்நிலையை அதன் டிரைவர்தான் எடுத்துத் தரவேண்டும். கர்னல் அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கைமாற்றிவிடும்.

“அப்போ விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூ எங்கண்ணே வருது?”

அங்கேதான் சிக்கலே. விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூ என்றால் கெஸ்ட்டுக்கென்று மென்பொருளில் காட்டும் ஐஓஎம்எம்யூ. அது இல்லாதவரை, கார்டு சொல்லும் முகவரியும் கெஸ்ட்டின் மெமரி முகவரியும் ஒன்றுதான், மேப் அசையாது. அதைக் கொடுத்துவிட்டால் கெஸ்ட்டே மேப் போடும், கலைக்கும். டிரைவரைப் பொறுத்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும்கூட. 0x1000-ல் எழுதினேன் என்று கார்டு சொல்கிறது. அந்த நேரத்தில் 0x1000 எந்த பேஜைக் காட்டியது? கெஸ்ட் அதைக் கலைத்து, அதே முகவரியை வேறு பேஜுக்குக் கொடுத்துவிட்டால், குறிப்பு தவறான பேஜில் போய் உட்காரும். உண்மையில் மாறிய பேஜ் அனுப்பப்படாது. புது சர்வரில் கெஸ்ட் நன்றாகவே எழுந்து ஓடும். கெட்ட டேட்டா என்றைக்கு வெளியே வருமோ. நின்றுபோனால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், இது அதைவிட மோசம்.

ஆகவே ஒவ்வொரு அன்மேப்புக்கும் முன்னால் அந்த வரம்பின் டர்ட்டி பிட்மேப்பை வாங்கி, அப்போதைய மேப்பை வைத்து பேஜைக் குறித்துவிட்டு, பிறகுதான் கலைக்கவேண்டும். இன்னொரு தொல்லை: கெஸ்ட் எந்த முகவரியை எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. 48 பிட் என்றால் 256 டெராபைட் வரம்பு. எல்லா கார்டும் அவ்வளவைக் கண்காணிக்காது. அதனால்தான் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஇஎம்யூ, பாஸ்த்ரூவும் விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூவும் சேர்ந்த இந்தக் கூட்டணியைக் கண்டதும் மைக்ரேஷனையே மறுத்தது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கெஸ்ட்டுக்குள் இன்னொரு கெஸ்ட்டுக்கு கார்டைக் கொடுக்கவேண்டுமா, கார்டை நேராகக் கையாளும் டிபிடிகே ஓட்டவேண்டுமா, விர்ச்சுவல் ஐஓஎம்எம்யூ போடு. மற்ற இடத்தில் போடுவதற்கு முன் ஏன் என்று கேள்.