வெளியேற வழியில்லாத இரும்பு

நம் உடலில் உள்ள இரும்பு மொத்தமே மூன்று, நான்கு கிராம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமந்து திரிகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது முதிர்ந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அதைச் சிதைத்து, இரும்பைப் பிரித்தெடுத்து, புதிய அணுக்கள் செய்ய எலும்பு மஜ்ஜைக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இப்படி உள்ளுக்குள்ளேயே சுழலும் இரும்பு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கும் மேல். சாப்பாட்டிலிருந்து புதிதாகச் சேர்வதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். உதிரும் தோலோடும் குடல் செல்களோடும் அதே அளவு போய்விடுகிறது.

உப்பு மிஞ்சினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். மிஞ்சிய இரும்பைத் தள்ள உடலில் ஓர் உறுப்பும் கிடையாது. ஆகவே எவ்வளவு உள்ளே விடுவது என்பதில்தான் உடலின் கட்டுப்பாடு முழுவதும் இருக்கிறது. அந்தப் பொறுப்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனுடையது. வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆனது, கல்லீரலில் சுரப்பது. அதன் வேலை தெரியவந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் கடக்க ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே ஒரு புரதம்தான் வழி. இரும்பு போதும் என்று தெரிந்தால் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரக்கும். அது ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டி அதை அழித்துவிடும். வழி அடைபடும்.

ஹெப்சிடின் போதிய அளவு சுரக்காவிட்டால்? தேவைக்கு மேல் தினமும் ஓரிரு மில்லிகிராம் கூடுதலாக உள்ளே வரும். ஒரு வருடத்தில் அது பெரிதில்லை. நாற்பது ஐம்பது வருடத்தில், நோய் முற்றியவர்களின் உடலில் 20 கிராமைத் தாண்டிவிடும். இந்தப் பரம்பரை நோய்க்கு ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயர். தோல் வெண்கல நிறமாகி, சர்க்கரை நோயும் சிரோசிஸ் என்னும் ஈரல் சிதைவும் சேர்ந்து வந்த ஒரு நோயாளியைப் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூஸோ 1865-இல் விவரித்திருக்கிறார். காரணமான எச்.எஃப்.இ. மரபணு 1996-இல்தான் அகப்பட்டது. அதன் புரதத்தில் 282-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் டைரோசின் வந்து உட்கார்ந்திருக்கும். சி282ஒய் என்கிற இந்தப் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்க்கான வாய்ப்பு.

உலகிலேயே இந்தப் பிழை அதிகம் உள்ள நாடு அயர்லாந்து. அங்கே ஐந்தில் ஒருவர் ஒரு பிரதியைச் சுமக்கிறார். 83 பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதிகளும் உண்டு. இது எவ்வளவு பழையது என்பதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. வட கடலோரத்தில் உள்ள ராத்லின் தீவில் 2006-இல் ஒரு மதுக்கடையின் பின்புறம் மண்ணைத் தோண்டியபோது வெண்கலக் கால மனிதர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. டப்ளின் டிரினிட்டி கல்லூரியினரும் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் அவற்றின் மரபுத்தொகுதியைப் படித்தார்கள். சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த ஆண்களில் ஒருவரிடம் அதே சி282ஒய் இருந்தது.

இப்போது அயர்லாந்துக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அப்பாவுக்கு 78 வயது. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 700 என்று வருகிறது. மரபணுச் சோதனையில் இரண்டு பிரதிகளும் இருப்பது தெரிகிறது. அவருக்கோ பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. அசதி உண்டு, விரல் மூட்டில் வலி உண்டு. 78 வயதில் யாருக்குத்தான் இல்லை? பிள்ளைகள் கேட்கிறார்கள்: இத்தனை வருடம் இந்த இரும்போடு வாழ்ந்தவருக்கு இப்போது வைத்தியம் வேண்டுமா?

நியாயமான கேள்விதான். இரண்டு பிரதி உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மெல்போர்னில் 31,192 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2008-இல் வெளியானது. இரண்டு பிரதி உள்ள ஆண்களில் 28 விழுக்காட்டினருக்கு இரும்பால் வந்த நோய் இருந்தது, பெண்களில் 1.2 விழுக்காடுதான். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் பெண்களின் இரும்பைக் குறைத்துக்கொண்டே இருப்பதால் அவர்களுக்குச் சேர்வது தாமதமாகிறது. ஆனால் ஆண்கள் விஷயத்தில் முதுமையைக் காரணம் காட்டி அலட்சியமாக இருக்க முடியாது. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் தரவுகளில், இரண்டு பிரதி உள்ள ஆண்களுக்கு 75 வயதுக்குள் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 7.2 விழுக்காடு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிழை இல்லாத ஆண்களுக்கு அது 0.6.

வைத்தியம் என்னவென்று கேட்டால் பலர் வியந்துபோவார்கள்: ரத்தத்தை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். அரை லிட்டர் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகும். அதை ஈடுகட்ட மஜ்ஜை புதிய சிவப்பணுக்களைச் செய்யும். அதற்கான இரும்பைக் கல்லீரலின் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இயற்கை வைக்காத வாசலை ஊசியால் திறக்கும் இந்த முறை 1950-களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்றும் இதைவிடச் சிறந்த மருந்து வரவில்லை. இப்படி எடுக்கும் ரத்தம் வீணாவதும் இல்லை. தகுதியுள்ளவர்களுடையதை அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ரத்த வங்கிகள் தானமாகவே ஏற்றுக்கொள்கின்றன.

ரத்தம் எடுப்பது எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதில்தான் முடிவு அடங்கியிருக்கிறது. ஈரலில் தழும்பு தொடக்க நிலையில் இருந்தால் பின்வாங்கக்கூடும். தோலின் கருமை மங்கும். அசதி குறையலாம். ஆஸ்திரேலியாவில் 300-க்கும் 1000-க்கும் இடையே ஃபெரிட்டின் உள்ள 104 பேரில், பாதிப் பேருக்கு உண்மையாகவும் மற்றவர்களுக்குப் பாவனையாகவும் இரும்பை நீக்கிப் பார்த்தார்கள். உண்மையாக நீக்கப்பட்டவர்களுக்கே அசதி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மூட்டுவலி பெரும்பாலும் போவதில்லை. முற்றிய சிரோசிஸ் முழுமையாகத் திரும்புவதில்லை. புற்றுநோய் அபாயமும் விலகுவதில்லை. ஆகவே அப்பாவுக்கு முதலில் வேண்டியது ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. இரும்பை நீக்க வேண்டிய அவசரத்தைச் சொல்வது ஈரலின் நிலைதான். வயது அதை எவ்வளவு மெதுவாகச் செய்ய வேண்டும் என்பதையே சொல்லும்.

மெதுவாகச் செய்ய வழியும் இருக்கிறது. இளைஞருக்கு வாரம் ஒருமுறை அரை லிட்டர் எடுப்பார்கள். முதியவருக்கு அதில் பாதியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் ரத்தம் கொடுத்துவிட்டு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், இரும்பு பத்து வருடத்தில் செய்திருக்கும் கேட்டை ஒரு நொடியில் செய்ததாகிவிடும். ஃபெரிட்டினை 50 வரை இறக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இந்த வயதில் இல்லை.

இரும்பு மிகையின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். நோய்க்கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். 2009-இல் சிகாகோவில் பிளேக் கிருமியின் வலுவிழந்த வகை ஒன்றை ஆராய்ந்துவந்த விஞ்ஞானி, அந்தக் கிருமியாலேயே இறந்தார். இரும்பைக் கவரும் திறன் குன்றியதால் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட வகை அது. அவருக்கு ஹீமோகுரோமடோசிஸ் இருந்தது இறந்த பிறகே தெரிந்தது. அவர் உடலின் மிகை இரும்பே கிருமிக்கு வேண்டியதைக் கொடுத்திருக்கலாம். சிப்பியைப் பச்சையாகத் தின்னாதீர்கள் என்று இந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இப்படிப்பட்ட ஒரு கடல் கிருமிக்குப் பயந்துதான்.

தமிழ்நாட்டில் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் உயர்ந்திருப்பதைக் கண்டு பதறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சி282ஒய் இந்தியரிடம் மிக அரிது. இங்கே ஃபெரிட்டின் கூடுவதற்குக் கொழுப்பு ஈரல், மது, தொற்று, நாள்பட்ட அழற்சி போன்றவைதான் பெரும்பாலும் காரணம். டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது 45 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இரும்பு மிகையைச் சந்தேகிக்க இடம் குறைவு. அப்போது ரத்தம் எடுப்பதைவிடக் காரணத்தைத் தேடுவதே முக்கியம்.

அந்த 78 வயது அப்பாவுக்கு ஈரலில் தழும்பு தொடங்கியிருந்தாலோ ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டினாலோ, நடமாட்டமும் தெம்பும் உள்ளவரை வைத்தியம் செய்வதே சரி என்பேன். ஈரல் நன்றாக இருந்து, எண் 400, 500 என்று நின்றால் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொண்டிருக்கலாம். நடுவே உள்ள 700-இல் அவருடைய விருப்பமே தீர்மானிக்கட்டும். அவர் கையில்தான் ஊசி ஏறப்போகிறது.

பிள்ளைகள் தங்களுக்கும் சோதனை செய்துகொள்வது அதைவிட அவசரம். அப்பாவுக்கு இரண்டு பிரதி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று உறுதி. அம்மா ஐந்தில் ஒருவராக ஒரு பிரதி சுமப்பவராக இருக்கலாம் என்பதால், அயர்லாந்தில் அந்தப் பிள்ளைக்கு இரண்டும் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. சிரோசிஸும் சர்க்கரை நோயும் வருமுன் ரத்தம் எடுக்கத் தொடங்கியவர்கள் மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழ்கிறார்கள் என்று ஜெர்மானிய மருத்துவர்கள் 1985-இலேயே காட்டிவிட்டார்கள்.