நோயின் பெயர் தெரிந்த பிறகு

மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும், முகவாயில் ரோமம் அரும்புவதும், பிடரியில் கருமை படர்வதுமாக நெடுநாள் சிரமப்பட்ட பெண்ணொருத்தி, 'சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, இது பி.சி.ஓ.எஸ்.' என்று வைத்தியர் சொல்லக் கேட்டு வீடு திரும்பும்போது, அவளை எதிர்கொள்வது பெரும்பாலும் அவளுடைய தேகநலத்தைப் பற்றிய விசாரணை அன்று, 'குழந்தை பிறக்குமா?' என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்விக்கும் விடை உண்டு. ஆனால் அதை மாத்திரம் கேட்டுவிட்டு நிற்பது, ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் ஒரே காரியத்துக்குள் அடக்கிவிடுவதாகும்.

1935-இல் சிக்காகோ நகரத்து வைத்தியர்களான ஸ்டைன், லெவெந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்ட இந்நோயின் லக்ஷணங்களைத் தொகுத்து வெளியிட்ட காலத்தில், சினைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுப்பதே சிகிச்சையாக இருந்தது. பிற்கால ஆராய்ச்சியோ, இது சரீரம் முழுவதையும் தழுவிய கோளாறு என்று காட்டிற்று. உணவிலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்ப்பிக்கும் இன்சுலினுக்கு அத்தசைகள் சரிவர இணங்காதபோது, கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இந்நோயுள்ள பலரிடம் அந்த மிகுதியே சினைப்பையைத் தூண்டி, பெண்ணுடலில் இயல்பாகச் சிறிதளவே இருக்கும் ஆண் ஹார்மோனைப் பெருகச் செய்கிறது. அதனால் முகத்தில் ரோமமும் பருவும் தோன்ற, தலைமுடி உதிர, மாதந்தோறும் முதிர்ந்து வெளிவர வேண்டிய சினைமுட்டை பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகிறது. அவ்விதம் நின்றுபோன, சில மில்லிமீட்டர் அளவேயுள்ள முட்டைப்பைகளே ஸ்கேனில் 'நீர்க்கட்டி'களாகத் தெரிகின்றன. அவை புற்றுமல்ல, அறுத்தெறிய வேண்டியவையுமல்ல. மெலிந்த பெண்களுக்கும் இது வருவதுண்டு ஆகையால், பருமனைச் சுட்டிப் பழி சொல்வது அநியாயம்.

ஸ்கேன் ஒன்றை மாத்திரம் நம்பி முடிவு செய்வதும் முறையன்று. 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்தபடி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் சினைப்பை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் கோளாறுகள் இல்லையென்றும் ரத்தப் பரிசோதனையால் தெளிய வேண்டும். பூப்பெய்திய சில வருஷங்களுக்குள் விலக்கு முன்பின்னாக வருவதும், சினைப்பையில் பல முட்டைப்பைகள் தெரிவதும் சகஜம் ஆதலால், பள்ளிச் சிறுமியரை ஒரு ஸ்கேனைக் காட்டி நோயாளிகள் ஆக்கிவிடக் கூடாது.

இந்நோயை அடியோடு நிவர்த்தி செய்யும் மருந்து இல்லை. ஆயினும் கட்டுக்குள் வைத்துச் சுகமாக வாழ வழி உண்டு. பருமனாக உள்ளவர் தம் எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ, குறைந்தாலே பலருக்கு விலக்கு சீர்படுகிறது. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இன்ன பத்தியந்தான் மேலானது என்று ஆராய்ச்சி எதுவும் நிலைநாட்டவுமில்லை. தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பயறு, முட்டை, மீன் முதலியவற்றைக் கூட்டுவதும், வாரத்தில் 150 நிமிஷமேனும் விறுவிறுப்பாக நடப்பதும், எடை குறையாதவருக்குங்கூட நன்மை செய்யும்.

'கலியாணமாகாத பெண்ணுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையா?' என்று தாய்மார் பதறுவதுண்டு. விலக்கை ஒழுங்குபடுத்தி, ரோமத்தையும் பருவையும் தணிப்பதற்காகவே, ரத்த அழுத்தம் முதலியவற்றை விசாரித்த பின் வைத்தியர் அதைத் தருகிறார். நிறுத்திய பிறகு தாய்மைக்கு அதனால் பழுதில்லை. விலக்கில்லாமலே மாதங்கள் கழிந்தால், கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், காலக்கிரமத்தில் புற்றுநோய்க்கும் இடம் தரக்கூடும். ஆதலால் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப் போனால், 'வராததே சௌகரியம்' என்றிராமல் வைத்தியரைப் பார்ப்பது அவசியம். மருந்தால் ரோமம் குறைய ஆறு மாதமாவது ஆகும் என்பதை முன்னரே அறிந்தவள், இரண்டாம் மாதத்திலேயே மனம் சலித்து அதை நிறுத்திவிட மாட்டாள்.

இனிக் குழந்தையைப் பற்றிய கேள்வி. முட்டை முதிர்ந்து வெளிவராமையே முக்கியத் தடை ஆதலால், அதை முதிரச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் பலர் கருத்தரிக்கிறார்கள். மருந்தில்லாமலே தாயானவர்களும் அநேகர். ஆனால் கலியாணம் இந்நோய்க்கு மருந்தன்று. பிரசவத்தோடு இது விலகிவிடுவதும் இல்லை. கர்ப்ப காலத்திலும் அதன் பின்னரும் சர்க்கரை வியாதி வரக்கூடிய அபாயம் மற்றவரைவிட இவர்களுக்கு அதிகம் ஆதலால், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கிரமமாகப் பரிசோதித்து வருவது ஆயுள் முழுவதற்குமான கடமை.

மனச்சோர்வும் கவலையும் இவர்களிடம் மிகுதி என்பதனால், இந்நோயைப் பற்றி 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, அவற்றையும் வைத்தியர் விசாரிக்க வேண்டும் என்கிறது. விருந்தினர் முன்னிலையில் ஒரு பெண்ணின் முகத்து ரோமத்தையும் உடற்பருமனையும் எடுத்துப் பேசும் வழக்கத்தை உறவினர் விட்டொழிப்பதும் சிகிச்சையில் ஒரு பங்கே. அவளுக்கு மாத்திரம் தனிப் பத்தியம் வைக்காமல் வீடு முழுவதும் அதே போஜனத்தை உண்பதும், சாயங்காலத்தில் அவளோடு நடக்க ஒருவர் துணைபோவதும், எந்த மாத்திரையும் செய்ய இயலாத உபகாரங்கள். அவள் தாயாக விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஐம்பதிலும் அறுபதிலும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சிகிச்சையை இன்று தொடங்க வேண்டும்.