கேட்டறிந்து அமைக்கும் மருத்துவம்

நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக்கில் 1999-இல் பரவிய மூளைக் காய்ச்சலைப் பலர் மறந்திரார். கொசுவினால் வருவதென்று கருதிப் புகையடித்தனர், தடுப்பூசியும் இட்டனர். நோய் நிற்கவில்லை. நோயுற்றோர் பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் உழைத்த பெரியவர்கள் என்பதைக் கவனித்த பின்னரே ஐயம் வேறு திசையில் சென்றது. நிப்பா கிருமி கண்டறியப்பட்டது. மலேசியாவில் 105 பேர் மாண்டனர்.

நோயாளியின் வாழ்வை முதலில் அறிந்து, அவரையும் உடன்வைத்துக்கொண்டு மருத்துவ ஏற்பாட்டை வகுப்பதை இன்று வடிவமைப்பு ஆய்வு என்பர். திருநங்கையர், திருநம்பியர் மருத்துவத்திற்கு இது பெரிதும் வேண்டப்படுகிறது.

அவர்களுடைய இடர் மருத்துவர் அறையில் தொடங்குவதன்று. பதிவு முகப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அட்டையிலுள்ள ஆண் பெயரைத் தாதி உரக்க அழைப்பார். சேலையுடுத்த ஒருவர் எழுவார். கூடம் முழுதும் திரும்பிப் பார்க்கும். மறுமுறை அவர் நோய் முற்றிய பிறகே வருவார். படிவத்திலோ இரண்டே கட்டங்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இத்தகையோரை உயர்திணையில் வைத்து, அவர்க்குரிய சொல் எவ்வாறு முடியும் என்றும் எண்ணிப் பார்த்தார். படிவம் எழுதினோர் அவ்வளவுகூட எண்ணவில்லை.

2015-இல் பாங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் எய்ட்ஸ் ஆய்வு நிலையம் 'டேஞ்சரின்' என்னும் மருத்துவ நிலையத்தைத் திறந்தது. எய்ட்ஸ் சோதனைக்கு மட்டும் அழைத்தால் திருநங்கையர் தயங்குவர். அவர்கள் நாடுவது வேறு: உட்கொள்ளும் ஹார்மோன் மருந்தின் அளவு சரிதானா என்பதே அவர்கள் கவலை. கடையில் வாங்கித் தாமாகவே உட்கொண்டால் இரத்தக் குழாயில் அடைப்பும் நேரக்கூடும். எனவே ஹார்மோன் சோதனையையும் எய்ட்ஸ் சோதனையையும் ஓரிடத்தில் சேர்த்தனர். பணியாளராகவும் திருநங்கையரை அமர்த்தினர். வருவோரின் தேவையை அறிந்து வாசலைத் திருப்பி வைத்த செயல் இது.

தமிழ்நாடு 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை செய்யவும் வழி பிறந்தது. பெருஞ்செயலே. ஆயினும் அறுவை ஒருநாள் வேலை. சர்க்கரை நோயும் காய்ச்சலும் பல்வலியும் வாழ்நாளெல்லாம் வருபவை. உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் ஏற்கப்பட்ட தன் நோய்ப்பட்டியலில் பால் மாற்ற உணர்வை மனநோய் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது.

தோட்டத்திலிருந்து பேருந்தேறிச் சிரம்பான் செல்லும் ஒருவர்க்கு உடனே உதவக்கூடியவை சிறியவை: பெயரைக் கூவாமல் எண்ணைச் சொல்லி அழைப்பது, படிவத்தில் 'அழைக்க விரும்பும் பெயர்' என்று ஒரு வரி, எந்தப் பகுதியில் படுக்கை வேண்டுமென்று தனியே கேட்பது. இவற்றுள் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டியதில்லை.