மூங்கில் வில்
தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மூங்கில் புதிதன்று. அதில் வில் செய்வது எப்படி?

நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம் இழுபடும். நம்மை நோக்கிய உட்புறம் நெருக்குண்ணும். மூங்கிலின் தோலருகே நார்கள் அடர்ந்திருப்பதால் அது இழுப்பைத் தாங்கும். ஆகவே தோல்புறம் வெளியே இருக்கவேண்டும். அதைச் சீவினால் நார் அறுந்து வில் முறியும். உட்புறத்தை மட்டும், வளையாத இடம் பார்த்துச் சிறிது சிறிதாகச் சுரண்டி, இரு பாதிகளையும் சமமாக வளையச் செய்யவேண்டும்.

மேனாட்டார், நெருக்கத்தைத் தாங்கும் தென்னமெரிக்க இப்பே மரத்தை உட்புறமும் மூங்கிலை வெளிப்புறமும் ஒட்டுகின்றனர்.

அம்பில்லாமல் நாணை இழுத்துவிடலாகாது, வில்லே உடையும்.

மூங்கில் வில்லில் பழகிய தீபிகா குமாரி, 2010இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். தோழியரே, எளிய மூங்கிலும் பொறுமையாகச் செதுக்கினால் வில்லாகும்!