குருதிக் கொழுப்பும் குடிவழியும்

குருதியிற் கொழுப்பு மிகுதல் உண்டு கொழுத்தோர்க்கே உரிய நோய் என்பது நம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். கொழுப்பு என்னுஞ் சொல்லுக்குச் செருக்கு என்றொரு பொருளும் வைத்த மொழியல்லவா நம்முடையது! ஆகவே, விடியுமுன் எழுந்து இறப்பர் மரங்களிற் பால்வெட்டி, மேடும் பள்ளமும் ஏறியிறங்கி, றொட்டியுஞ் சம்பலும் உண்டு வாழும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத் தொழிலாளி ஒருவன் நாற்பது வயதுக்குள் மாரடைப்பால் மாண்டால், கொழுப்பை எவரும் ஐயுறுவதில்லை. அவன் தந்தையும் அவ்வாறே மாண்டிருப்பின், விதி என்று கூறி அமைந்துவிடுவர்.

அவ்விதியின் ஒரு பகுதி இன்று விளங்கியிருக்கிறது. கொலஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருளிற் பெரும்பகுதியை நம் உடலே ஆக்குகின்றது. அது புரதத்தோடு கூடிய நுண்ணிய துணிக்கைகளாகக் குருதியிற் செல்லும். ஈரற் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் அத்துணிக்கைகளைப் பற்றி உள்ளிழுக்கும். வாங்கிகளை ஆக்கும் பரம்பரையலகு பழுதுபட்டால், கொழுப்பு குருதியிலே தேங்கி நாடிச் சுவர்களிற் படியும். அமெரிக்காவின் டலஸ் நகரிற் பிரவுண், கோல்ட்ஸ்ரீன் என்போர் நோயுற்றோரின் தோற்கலங்களை வளர்த்து ஆராய்ந்து இதனைக் கண்டனர். 1985இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இருபடிகளாக நமக்கு வருகின்றது. ஒருபடி பழுதானால் கொலஸ்திரோல் ஏறக்குறைய இருமடங்காகும். உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இத்தகையோர். இருபடியும் பழுதானாலோ நிலைமை கொடிது. சிறுவயதிலேயே முழங்கை, முழங்கால், குதிகால்களில் மஞ்சள் முடிச்சுகள் தோன்றும். மருந்தின்றேல் இருபது வயதுக்கு முன்னரே மாரடைப்பு நேரலாம். 1964இற் பெய்ரூத்திலிருந்து கச்சதூரியன் என்னும் மருத்துவர் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து இவ்விருவகையையும் பிரித்துக் காட்டினார். நெருங்கிய உறவில் மணங்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் உண்டு, நம்மிடமும் உண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் மணக்குமிடத்து, ஒரே பாட்டனின் பழுது இருவருக்கும் வந்திருத்தல் கூடும். அவ்வாறாயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபடியும் பழுதாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வழக்கத்தைப் பழிப்பது எம் கருத்தன்று. சாதகம் பார்க்கும் பெரியோர், இருவீட்டிலும் இளவயதில் மாரடைப்பால் இறந்தவர் உளரா என்பதையுங் கேட்டறியலாமே!

கொழுப்பு மிகுந்தோர் யாவரும் இவ்வகையினர் அல்லர். பெரும்பாலோரிடத்திற் சிறுசிறு பரம்பரை வேறுபாடுகள் பல கூடி, உணவோடும் உழைப்போடும் சேர்ந்தே விளைவைத் தருகின்றன. அவர்க்குப் பத்தியம் பயன்தரும். வாங்கி பழுதானோர்க்குப் பத்தியம் மட்டும் போதாது. ஸ்ரற்றின் மாத்திரை ஈரலிற் கொலஸ்திரோல் ஆக்கத்தைத் தடுக்க, ஈரல் எஞ்சிய நற்படியைக்கொண்டு வாங்கிகளை மிகுதியாக ஆக்கிக்கொள்ளும். ஒருபடி பழுதான பிள்ளைகளுக்கு மருத்துவர் இதனை எட்டு, பத்து வயதளவிலேயே தொடங்குவதுண்டு.

ஒருவரிடம் இப்பழுது காணப்படின், அவர்தம் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தார்க்கும் அது இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மெலிந்தவர் என்று எவரையும் விலக்காது குருதிச் சோதனை செய்வித்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியராயிருக்கும் நம் பழைய மாணவர், மாணாக்கர் முழங்கையில் மஞ்சள் முடிச்சைக் கண்டால், தோல்நோயென்று களிம்பு தடவ விடாது, பெற்றோரை அழைத்துப் பேசி, இரத்தினபுரி அல்லது கேகாலை அரசினர் வைத்தியசாலைக்கு அனுப்புவாராக.